நெல்லுக்கு ஆகும் மண் சுவருக்கு ஆகுமா?

இயற்கை வழிக்கு வருகிற விவசாயிகள் முதல் வருடம் யூரியாவை விடுகிறார்கள். இரண்டாம் வருடம் பூச்சிமருந்தை விடுகிறார்கள். மூன்றாம் வருடம் சிமெண்டையும் விட்டுவிட்டால் என்ன என்று யோசிக்க ஆரம்பிக்கிறார்கள். நம்முடைய மாதாந்திரக் கூட்டங்களில் இப்போதெல்லாம் பூச்சிவிரட்டி, ஜீவாமிர்தம் பற்றிய கேள்விகளுக்கு நடுவே இதுவும் வந்துவிடுகிறது: "நம்ம ஊரு மண்ணுலயே வீடு கட்டலாமா சார்?"

கட்டலாம் என்பதுதான் என் பதில். ஆனால் உடனே ஒரு கேள்வியும் கேட்பேன்: "எந்த மண்ணு? எத்தனை அடி ஆழத்து மண்ணு?" பெரும்பாலும் அதற்குப் பதில் வருவதில்லை. மண் என்றால் எல்லாம் மண்தானே என்று நினைக்கிறோம். பயிர் விஷயத்தில் அப்படி நினைக்கிற விவசாயி ஒருவர்கூட இல்லை. சுவர் விஷயத்தில் மட்டும் அந்தக் கவனம் நமக்குப் போய்விடுகிறது.

மண் வீடு என்றால் நம்மிடையே இரண்டு கட்சி இருக்கிறது. ஒரு கட்சிக்கு அது ஏழ்மை, மழைக்குக் கரையும் சமாச்சாரம். இன்னொரு கட்சிக்கு அது புனிதம், சிமெண்ட் ஒரு மூட்டை உள்ளே வந்தாலும் தீட்டு. இரண்டுமே மண்ணைக் கையில் எடுத்துப் பார்க்காமல் பேசுகிற பேச்சு என்பது என் கருத்து. மண் ஒரு கட்டுமானப் பொருள். எந்தப் பொருளையும் போல அதையும் சோதித்துப் பார்த்துத்தான் ஏற்கவோ தள்ளவோ வேண்டும்.

இந்தக் கரையில் மண்ணும் செங்கல்லும்

கல்பாக்கம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு அணுமின் நிலையமும் கான்கிரீட்டும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இந்தக் கரையில் மண்ணைப் பிசைந்து கட்டுவது நேற்று வந்த பழக்கம் இல்லை. பாலாறு கடலில் சேரும் இடத்துக்கு அருகில் வசவசமுத்திரத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு செய்தபோது பழங்காலச் செங்கல் கட்டுமானங்களும் சுடுமண் உறைகிணறும் கிடைத்தன. 2004 சுனாமிக்குப் பிறகு மாமல்லபுரத்தை ஒட்டிய சாளுவன்குப்பத்தில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது, பல்லவர் காலக் கருங்கல் வேலைக்கு அடியில் இன்னும் பழைய செங்கல் கோயில் வெளிப்பட்டது. அதைச் சங்க காலத்தது என்கிறார்கள் ஆய்வாளர்கள். மகேந்திரவர்மப் பல்லவன் மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் எடுத்ததாகக் கல்வெட்டில் பெருமையாகப் பொறித்துவைத்தான். அது பெருமை என்றால், அதுவரை எல்லாரும் செங்கல்லிலும் மரத்திலும்தான் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்றுதானே அர்த்தம். சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையும் செங்கல் கோட்டைதான்.

இவை எல்லாம் சுட்ட மண். சுடாத மண்ணில் கட்டிய குடியானவர் வீடுகள் தடயம் இல்லாமல் மண்ணோடு மண்ணாகிவிட்டன. ஆனால் என் தலைமுறையில் பிறந்தவர்கள் அவற்றைப் பார்த்திருக்கிறோம். சேறு மிதித்து, வைக்கோல் கலந்து, ஒன்றரை அடி உயரத்துக்குச் சுவர் வைத்து, அது காய்ந்த பிறகு அதன் மேல் அடுத்த ஒன்றரை அடி. மேலே பனையோலைக் கூரை. சுவரை எட்டிப் பிடிக்கிற மாதிரி கூரை தாழ இறங்கியிருக்கும். உள்ளே போகக் குனிய வேண்டும். அந்தத் தாழ்ந்த கூரைதான் அந்தச் சுவரைக் காப்பாற்றியது என்பதை இப்போது மண் வீடு கட்டுகிறவர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வயலுக்கு வரம், சுவருக்குக் கேடு

சுவரில் இருக்கும் மண்ணை இப்படிப் புரிந்துகொள்ளலாம். மணலும் சரளையும் எலும்பு. களி அதைப் பிடித்து நிறுத்தும் பசை. இடையில் இருக்கிற வண்டல் இடத்தை நிரப்பும். களி இல்லாவிட்டால் சுவர் உதிரும். களி அதிகமானால் நனையும்போது உப்பி, காயும்போது சுருங்கி, வெடித்துவிடும். களியிலும் வகை உண்டு. செம்மண்ணில் இருக்கும் களி பொதுவாக அதிகம் உப்பாது. கோடையில் கால் நுழைகிற அளவு வெடிக்கிற கரிய களி நிலத்தில் இருப்பது வேறு வகை. நெல்லுக்குத் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும் அந்தக் குணம்தான் சுவருக்கு எமன்.

எங்கள் பக்கத்தில் மண்சுவர் வைத்துப் பழகிய பெரியவர் ஒருவர் இதை ஒரே வரியில் சொன்னார்: "நெல்லு நல்லா வெளையுதுன்னா அந்த மண்ண சுவருக்கு எடுக்காத சார்."

இன்னொரு விஷயம் நம்மைப் போன்ற இயற்கை விவசாயிகளுக்கு முக்கியமானது. நாம் பத்து வருடம் பாடுபட்டு மேல்மண்ணில் மக்கை ஏற்றுகிறோம். மண்வள அட்டையில் அங்கக கார்பன் கொஞ்சம் கூடினால் சந்தோஷப்படுகிறோம். சுவருக்கு அந்த மக்கு வேண்டவே வேண்டாம். அது மட்கி இடைவெளி விடும், கறையானை அழைக்கும், சிமெண்ட் இறுகுவதையும் கெடுக்கும். ஆகவே சுவருக்கான மண் எப்போதும் மேல்மண்ணுக்குக் கீழே இருக்கிற மண்தான். மேல் ஒரு அடியைத் தனியாக எடுத்து வயலிலேயே போட்டுவிட்டு, அதற்குக் கீழே உள்ளதை எடுக்க வேண்டும். வயலுக்கும் வீட்டுக்கும் சண்டையே வராதபடி இயற்கை பிரித்துத்தான் வைத்திருக்கிறது.

வீட்டிலேயே செய்து பார்க்க ஐந்து சோதனைகள்

ஆய்வகத்துக்குப் போவதற்கு முன்னால் நாமே பார்த்துவிடக் கூடியவை நிறைய உண்டு. தோண்டுகிற இடத்தில் ஆழத்துக்கு ஆழம் தனித்தனியாக மாதிரி எடுங்கள். எந்த இடம், எத்தனை அடி என்று சீட்டு எழுதி வையுங்கள்.

முதலாவது, கை கழுவும் சோதனை. ஈரமண்ணைக் கையில் தேய்த்துவிட்டுக் கழுவுங்கள். சட்டென்று போனால் மணல். பவுடர் மாதிரி இருந்து கொஞ்சம் தேய்த்தால் போனால் வண்டல். சோப்பு மாதிரி வழுக்கிக்கொண்டு போக மறுத்தால் களி.

இரண்டாவது, பாட்டில் சோதனை. அடி தட்டையான கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மிச்சம் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி ஒரு மணி நேரம் விட்டு, மறுபடி குலுக்கி, ஒரு நாள் அசைக்காமல் வையுங்கள். மணலும் சரளையும் உடனே அடியில் இறங்கிவிடும். அதன் மேல் வண்டல், அதற்கும் மேல் களி. இலைதழைக் கசடு மிதக்கும். அடுக்குகளை ஸ்கேல் வைத்து அளந்தால் விகிதம் தெரியும். தண்ணீரில் களி உப்பி நிற்பதால் உண்மையில் இருப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாகக் காட்டும் என்பதை ஞாபகம் வையுங்கள்.

மூன்றாவது, உருட்டுச் சோதனை. சரளையைப் பொறுக்கிவிட்டு, மண்ணைப் பிசைந்து, 3 செ.மீ. கனத்துக்குக் கயிறு மாதிரி உருட்டுங்கள். மேசை விளிம்பில் வைத்து மெதுவாக வெளியே தள்ளுங்கள். தன் கனத்தாலேயே முறிந்து விழும் துண்டை அளந்து பாருங்கள். 5 செ.மீ.க்குக் குறைவாக முறிந்தால் மணல் அதிகம். 15 செ.மீ.க்கு மேல் நீண்டுகொண்டே போனால் களி அதிகம். இரண்டுக்கும் நடுவே என்றால் மேற்கொண்டு பார்க்கலாம்.

நான்காவது, பிஸ்கட் சோதனை. 5 செ.மீ. விட்டமுள்ள வளையத்தில், ஒரு குழாய்த் துண்டு போதும், மண்ணை வழித்து நிரப்பி நிழலில் காயவிடுங்கள். வளையத்துக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவே 1 மி.மீ.க்கு மேல் இடைவெளி விட்டால் சுருக்கம் அதிகம். பிறகு அதை விரலால் ஒடித்துப் பாருங்கள். தூளாகப் போனால் பசை போதாது. ஒடிக்கச் சிரமப்பட வேண்டும்.

ஐந்தாவதுதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அதில் நம்பர் வரும். 60 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 4 செ.மீ. ஆழத்துக்குத் தச்சரிடம் ஒரு பெட்டி செய்துகொள்ளுங்கள். உள்ளே எண்ணெய் தடவி, ஈரமண்ணை மூலைமுடுக்கெல்லாம் அமுக்கி நிரப்பி, ஒரு வாரம் நிழலில் காயவிட்டு, மண்ணை ஒரு பக்கமாக ஒதுக்கி, எத்தனை மி.மீ. சுருங்கியது என்று பாருங்கள். கொலம்பியா நாட்டில் 1950களில் வந்த சின்வா-ராம் என்ற கை அழுத்து எந்திரத்தைப் பின்பற்றியவர்கள் வகுத்த கணக்கு ஒன்று இன்றும் உதவுகிறது. 15 மி.மீ.க்குள் சுருங்கினால் 18 பங்கு மண்ணுக்கு 1 பங்கு சிமெண்ட். 15 முதல் 30 வரை என்றால் 16க்கு 1. 30 முதல் 45 வரை 14க்கு 1. 45 முதல் 60 வரை 12க்கு 1. அதற்கும் மேல் என்றால் மணல் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த மண்ணை விட்டுவிட வேண்டும்.

இந்த ஐந்துக்கும் சேர்த்து ஆகும் செலவு ஒரு பெட்டி செய்யும் கூலிதான்.

மூன்று மண், மூன்று பதில்

கல்பாக்கத்துக்கு மேற்கே, சதுரங்கப்பட்டினத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையை ஒட்டி எங்கள் நிலம். விதையும் கருவிகளும் வைக்க ஒரு அறை கட்ட நினைத்தபோது மூன்று இடத்து மண்ணைப் பார்த்தேன்.

மேட்டில், மூன்றடி ஆழத்துச் செம்மண். கயிறு 9 செ.மீ.யில் முறிந்தது. பெட்டியில் 12 மி.மீ. சுருக்கம். கொஞ்சம் சரளை கலந்த, சுவருக்கு ஏற்ற மண்.

ஏரிப் பாசனத்தில் இருக்கும் நெல் வயலின் களி. கயிறு 22 செ.மீ. வரைக்கும் முறியவில்லை. பெட்டியில் மண் வில் மாதிரி வளைந்து மூன்று துண்டாகக் கிடந்தது. மண்பானைக்கு ஆகலாம், சுவருக்கு ஆகாது. அப்படியே பயன்படுத்த வேண்டுமென்றால் பாதிக்குப் பாதி மணல் சேர்க்க வேண்டும். மணல் விற்கிற விலைக்கு அது கட்டாது.

மூன்றாவது, நண்பர் ஒருவரின் தோப்பிலிருந்து, பக்கிங்காம் கால்வாய்ப் பக்கம். உருட்டவே வரவில்லை. அதோடு காய்ந்தபின் மேலே வெள்ளையாகப் பூத்தது.

மூன்று இடத்துக்கும் நடுவே தூரம் சில கிலோமீட்டர்தான். இணையத்தில் யாரோ சொன்ன விகிதத்தை எடுத்துக்கொண்டு இந்த மூன்று மண்ணிலும் கட்டினால் மூன்று விதமாக முடியும். "உள்ளூர் மண்" என்று ஒன்று கிடையாது. உங்கள் குழியின் மண் என்று ஒன்றுதான் உண்டு.

உப்பும் சாரலும்

கடற்கரை ஓரத்தில் மண்ணை மதிப்பிடுகிறவர்கள் இரண்டு விஷயத்தைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும்.

ஒன்று உப்பு. உவர் மண்ணில் செய்த கல் ஈரத்தை இழுக்கும், காயும்போது உப்பு வெளியே வந்து மேல்தோலைப் பொரித்து உதிர்க்கும். மழைநீரில் பிசைந்து ஒரு அடை தட்டிக் காயவைத்தால் வெள்ளை பூக்கிறதா என்று தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் மண் பரிசோதனை நிலையத்தில் மின்கடத்தும் திறன் பாருங்கள். மண்வள அட்டையில் இருப்பது மேல்மண்ணின் அளவு. சுவருக்கு எடுக்கும் ஆழத்து மண்ணைத் தனியாகக் கொடுக்க வேண்டும். மண் நல்லதாக இருந்தும் கிணற்று நீர் உப்பாக இருந்தால் பயன் இல்லை. பிசைகிற தண்ணீரையும் பாருங்கள்.

இரண்டாவது சாரல். மண் கட்டடத்துக்குப் பெருமையாக ஏமன் நாட்டு ஷிபாம் நகரத்தைக் காட்டுவார்கள். பச்சைச் செங்கல்லில் பத்து மாடி வரை நிற்பது உண்மைதான். ஆனால் அது பாலைவன ஓரம். அங்கேகூட 2008 வெள்ளத்தில் சேதம் ஆனது. நமக்கோ வருடத்துக்கு 1,200 மில்லிமீட்டருக்கு மேல் மழை, அதிலும் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி, காற்றோடு சேர்ந்து. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரை கடந்தது. அன்றைக்கு மழை மேலிருந்து வரவில்லை, பக்கவாட்டில் வந்தது. அப்படிப்பட்ட ராத்திரியில் நிற்குமா என்பதுதான் இந்தக் கரையில் ஒரு சுவருக்கான பரீட்சை.

அதனால் நம் பக்கத்தில் சும்மா மண்ணைக் குழைத்து வைக்கும் சுவரை வெளிச்சுவராக நான் சிபாரிசு செய்வதில்லை. தரைக்கு மேல் ஒன்றரை இரண்டு அடிக்குக் கருங்கல் கட்டு, அதன் மேல் ஈரம் ஏறாத தடுப்பு, பிறகு 5 சதவீதம் அளவுக்குச் சிமெண்ட் சேர்த்து எந்திரத்தில் அழுத்திய மண்கல், மேலே இரண்டரை அடிக்குக் குறையாமல் இறங்கும் தாழ்வாரம். களி கூடுதலாக இருக்கும் மண்ணுக்குச் சிமெண்டைவிடச் சுண்ணாம்பு ஒத்துவரும். காலும் நனையக் கூடாது, தலையும் நனையக் கூடாது. வைக்கோல் கலந்த பச்சை மண் சுவரின் அழகு வேண்டுமென்றால் உள்ளே தடுப்புச் சுவராக வைத்துக்கொள்ளுங்கள்.

இது புது விஷயம் அல்ல. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் தொடங்கிய அஸ்த்ரா குழு அழுத்திய மண்கல்லில் பல வருடம் வேலை செய்தது. நமக்கு ஈ.சி.ஆர். வழியில் இரண்டு மணி நேரத் தொலைவில், ஆரோவில்லில் 1989இலிருந்து மண் கட்டடத்துக்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது. அவர்கள் சிமெண்ட் சேர்க்கும் மண்ணுக்குச் சொல்லும் விகிதம் சுமாராக 15 பங்கு சரளை, 50 மணல், 15 வண்டல், 20 களி. அங்கே போய்ப் பாருங்கள். முட்டுக்காட்டில் லாரி பேக்கர் வடிவமைத்த தக்ஷிணசித்ராவையும் பாருங்கள். பழைய வீடுகளைப் பெயர்த்து வந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். கூரை எவ்வளவு தாழ வருகிறது, திண்ணை எங்கே இருக்கிறது என்று மட்டும் கவனித்து வந்தாலே பாதிப் பாடம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பழைய தொழில் புத்தி, கணக்குப் போடாமல் இருக்க முடியாது. 20 அடிக்கு 15 அடி, அதாவது 300 சதுர அடி அறை. சுற்றளவு 70 அடி, உயரம் 9 அடி. கதவு, ஜன்னல் கழித்து, ஒன்பதரை அங்குலக் கனத்துக்குச் சுவரின் அளவு ஏறக்குறைய 450 கன அடி. நம் பக்கத்துக் கணக்கில் நாலரை யூனிட். சலித்த கழிவு, அழுத்தத்தில் சுருங்குவது எல்லாம் சேர்த்து ஆறு ஏழு யூனிட் மண் தோண்ட வேண்டும்.

அது எங்கிருந்து வரும்? 30 அடிக்கு 30 அடி, 5 அடி ஆழத்துக்கு ஒரு பண்ணைக்குட்டை, சரிவு விட்டு வெட்டினால் 31 யூனிட் மண். மேல் ஒரு அடியில் இருக்கும் 8 யூனிட் வயலுக்குப் போகட்டும். மிச்சம் 23 யூனிட். மண் ஏற்றதாக இருந்தால் அறை ஒன்று அல்ல, மூன்று கட்டலாம். குட்டையில் தண்ணீர், வயலில் மேல்மண், அறைக்குச் சுவர். லாரி ஒன்றுகூட உள்ளே வரத் தேவை இல்லை.

சிமெண்ட்? அந்தச் சுவரின் எடை சுமார் 24 டன். 5 சதவீதம் என்றால் 1.2 டன், 24 மூட்டை. இங்கேதான் நேர்மையாக இருக்க வேண்டும். சூளைச் செங்கல்லில் இதே சுவரைக் கட்டினாலும் கலவைக்கும் பூச்சுக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட அவ்வளவு சிமெண்ட் ஆகும். ஆகவே மண்கல்லால் சிமெண்ட் பெரிதாக மிச்சம் என்று சொல்வது சரியில்லை. மிச்சமாவது 5,500 முதல் 6,000 சுட்ட செங்கல். அதாவது அவ்வளவு செங்கல்லுக்கு யாரோ ஒருவருடைய நிலத்திலிருந்து தோண்டப்படும் மண், அதைச் சுட எரியும் விறகு, அதை ஏற்றிவரும் டீசல். செங்கல்லுக்காக மேல்மண் தோண்டுவதைக் குறைக்கத்தான் 1999இலேயே மத்திய அரசு அனல்மின் நிலையங்களைச் சுற்றி நிலக்கரிச் சாம்பல் கலக்க வேண்டும் என்று அறிவிக்கை போட்டது.

இதே நியாயம் மண் வீட்டுக்காரர்களுக்கும் உண்டு. ஈ.சி.ஆர். ஓரத்தில் வார இறுதி வீடுகளுக்கு, எங்கிருந்தோ செம்மண்ணை லாரி லாரியாக இறக்கி "இயற்கை வீடு" என்று பெயர் வைக்கிறார்கள். அந்தச் செம்மண் ஒரு மேட்டின் வயிற்றிலிருந்து வந்தது. ஐந்து மைலுக்குள் கிடைக்கும் பொருளால் கட்டிய வீடே நல்ல வீடு என்று காந்தி தம்மிடம் சொன்னதாக பேக்கர் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். அதன் சாரம் தூரக் கணக்கில் மட்டும் இல்லை. அடுத்தவர் நிலத்தைக் குழியாக்காதே என்பதுதான். ஏரி மண்ணும் அப்படியே. 2024இல் அரசு ஏரி குளங்களின் வண்டலையும் களியையும் எடுக்க வட்டாட்சியரிடமே அனுமதி பெறலாம் என்று எளிமையாக்கியது விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும். அந்தப் பெயரில் எடுத்துக் கட்டடத்துக்குத் திருப்பிவிடக் கூடாது.

வங்கிக்காரன் பார்வையில்

முப்பது வருடத்துக்கு மேல் கடன் விண்ணப்பங்களைப் பார்த்தவன் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் ஒரு விவசாயி அழுத்திய மண்கல்லில் வீடு கட்டக் கடன் கேட்டார். "மண்" என்ற சொல்லைப் பார்த்ததுமே கோப்பு திரும்பி வந்துவிட்டது. எந்தக் கிளை என்பது வேண்டாம். வேறு கிளையாக இருந்தாலும் அநேகமாக அதேதான் நடந்திருக்கும்.

வங்கியின் பயம் முழுக்க அநியாயம் இல்லை. இருபது வருடக் கடன் என்றால் கட்டடம் அதற்கு மேல் நிற்க வேண்டும், விற்றால் விலை போக வேண்டும். கணக்கெடுப்பில் மண் சுவர் என்றாலே கச்சா என்ற தலைப்பில் போய்ச் சேர்கிறது. வங்கிக்காரருக்குக் கையில் ஒரு காகிதம் வேண்டும். அந்தக் காகிதம் உண்டு. மண்கல்லுக்கு ஐ.எஸ். 1725 என்ற இந்தியத் தரம் 1960இலிருந்து இருக்கிறது, 1982இலும் 2013இலும் புதுப்பித்தார்கள். உங்கள் மண்ணில் செய்த கல்லை நான்கு வாரம் ஈரம் காயாமல் பதப்படுத்தி, கட்டுமானச் சோதனை ஆய்வகத்தில் நனைந்த நிலையில் அழுத்தம் பார்த்து, அந்த அறிக்கையையும் பதிவு பெற்ற பொறியாளரின் வரைபடத்தையும் சேர்த்துக் கொடுங்கள். விண்ணப்பத்தில் "மண் வீடு" என்று எழுதாதீர்கள். "ஐ.எஸ். 1725 தரத்தில் சிமெண்ட் கலந்த அழுத்திய கற்கட்டு" என்று எழுதுங்கள். அது பொய் இல்லை, பொருளின் சரியான பெயர் அதுதான். கடன் நிச்சயம் கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் மறுப்பதென்றால் அவர் காரணம் எழுத வேண்டிவரும். இப்போது காரணமே இல்லாமல் திருப்பிவிடுகிறார்கள்.

யாருக்கு மண் வீடு?

ஒரு நாள் எங்கள் நிலத்துக்குக் களையெடுக்க வரும் அம்மா ஒருவர், நாங்கள் மண்கல் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மண்ணு வூட்டுல இருந்தவங்களுக்குத்தான் சார் அது தெரியும். வாரம் வாரம் சாணி மெழுகணும், மழை முடிஞ்சா சுவர் பூசணும், ராத்திரி பாம்பு வரும். நீங்க ஒட்டு வீட்டுல இருந்துகினு எங்களைக் குளுகுளுன்னு இருக்கும்னு சொல்றீங்க."

இதற்கு எதிர்வாதம் கிடையாது. மண் வீட்டின் பராமரிப்பு முழுக்கப் பெண்கள் தலையில் விழுந்த வேலை. இந்த மாவட்டத்தில் இருளர் குடியிருப்புகளிலும் காலனிகளிலும் மண் சுவரும் ஓலைக் கூரையும் விருப்பத்தால் வந்தவை அல்ல. பட்டா இல்லை, பணம் இல்லை, அதனால் மண். கலைஞரின் கனவு இல்லம் மாதிரியான திட்டத்தில் அவர்கள் தளம் போட்ட வீடு கேட்கிறார்கள் என்றால் அது மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம். எகிப்தில் ஹசன் ஃபாத்தி என்ற பெரிய கட்டடக் கலைஞர் 1940களில் ஏழைகளுக்காகவே மண்ணில் அழகான ஒரு கிராமத்தை, நியூ குர்னாவை, எழுப்பினார். யாருக்காகக் கட்டினாரோ அவர்களில் பெரும்பாலோர் அங்கே குடிபோக மறுத்துவிட்டார்கள். அதற்குக் காரணங்கள் பல. ஆனால் குடியிருக்கப் போகிறவரின் விருப்பத்தைக் கேட்காமல் நல்லது செய்ய முடியாது என்பது அதில் ஒரு பாடம்.

அதனால் என் நிலைப்பாடு இது. மண் கட்டடத்தை ஏழைகளுக்கு உபதேசிக்கும் உரிமை நமக்கு இல்லை. கான்கிரீட்டில் கட்ட வசதி இருந்தும் மண்ணைத் தேர்ந்தெடுக்கும் விவசாயிகள் முதலில் கட்டட்டும். விதை அறை, பம்ப் செட் ரூம், ஆட்டுக் கொட்டகை, அதன்பின் சொந்த வீடு. மூன்று மழைக்காலம் நிற்கட்டும். அதைப் பார்த்துவிட்டு அந்த அம்மா தானாகக் கேட்டால் அப்போது பேசலாம். கேட்கவில்லை என்றாலும் தப்பில்லை.

நாம் செய்யக்கூடியவை

இயக்கத்தின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறேன்.

ஒன்று, வட்டத்துக்கு ஒரு அழுத்து எந்திரம். தனி விவசாயி வாங்கினால் ஒரு கட்டடத்துக்குப் பிறகு துருப்பிடிக்கும். பத்துப் பேர் சேர்ந்த உழவர் குழு வாங்கி, சுற்றில் விட்டால் வேலை நடக்கும். எந்திரத்தோடு பழகிய கொத்தனார் ஒருவரும் வேண்டும். அவருக்கான பயிற்சிச் செலவைக் குழு ஏற்கலாம்.

இரண்டு, மண் பதிவேடு. நம் உறுப்பினர் யார் எங்கே கிணறு, குட்டை, அஸ்திவாரம் தோண்டினாலும் மேலே சொன்ன ஐந்து சோதனையைச் செய்து, ஆழத்தோடு எழுதிவைக்க வேண்டும். ஐந்து வருடத்தில் செங்கல்பட்டு மாவட்டத்தின் எந்தப் பக்கத்து மண் எதற்கு ஆகும் என்று நம்மிடமே கணக்கு இருக்கும். குயவர்களையும் மண்சுவர் வைத்த பெரியவர்களையும் உயிரோடு இருக்கும்போதே உட்காரவைத்துக் கேட்டு, அதையும் அதில் சேர்க்க வேண்டும். விரலால் தேய்த்தே மண்ணைச் சொல்லிவிடும் கை அவர்களுடையது.

மூன்று, கோரிக்கை. தரச்சான்று பெற்ற அழுத்திய மண்கல்லை அரசு வீட்டுத் திட்டங்களிலும் வங்கிக் கடனிலும் விரும்பிக் கேட்பவர்களுக்குத் தடையில்லாமல் அனுமதிக்க வேண்டும். விரும்பிக் கேட்பவர்களுக்கு என்பதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன்.

இப்போது சித்திரை வெயில் தொடங்கப்போகிறது. குட்டை வெட்டவும் கிணறு தூர்வாரவும் இதுதான் நேரம். வெட்டும்போது மேல்மண்ணைத் தனியாகக் குவியுங்கள். அதற்குக் கீழே ஒரு கூடை மண்ணை எடுத்து வைத்து, ஒரு பாட்டிலும் அந்த 60 செ.மீ. பெட்டியும் தயார் செய்யுங்கள். கட்டுவதா வேண்டாமா என்று அதன் பிறகு முடிவு செய்யலாம். ஆடிக்கு முன் கல் அறுத்துப் பதப்படுத்தினால்தான் ஐப்பசி மழைக்குள் கூரை ஏற்ற முடியும்.